முதலில் கிண்டல், அப்புறம் துடைப்பம்

என் தொழில் ஓரமாக உட்கார்ந்திருப்பது. அடையாள அட்டையில் சமூகவியல் ஆராய்ச்சியாளர் என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு யாரும் மரியாதையாக எழுந்து நின்றதாக நினைவில்லை. பாதிப் பேர் என்னைக் கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்து வீட்டில் எத்தனை பேர் என்று ஒப்பிக்க ஆரம்பிப்பார்கள். மீதிப் பேர் சமூக சேவகி என்று நினைத்துத் தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் புகார் சொல்வார்கள். என் தம்பி மட்டும் சரியாகச் சொல்வான்: "அடுத்தவங்க அழுறதை ஓரமா உக்காந்து எழுதிட்டு வருவா. அதுக்கு ஒரு டாக்டர் பட்டம் வேற."

இப்போதைய ஓரம் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆலோசனை அறை. குடும்பத்தில் பரம்பரை நோய் உள்ளவர்கள் அங்கே வருவார்கள். கருவை வெளியே, கண்ணாடித் தட்டில் உருவாக்கி, அதிலிருந்து சில செல்களைக் கிள்ளிச் சோதித்து, நோய் இல்லாததை மட்டும் தாயின் வயிற்றில் வைப்பார்கள். இப்படி ஒரு முடிவுக்கு மனிதர்கள் எப்படி வந்து சேர்கிறார்கள், யார் யாரை என்ன சொல்லித் தேற்றுகிறார்கள், யார் பேசும்போது யார் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. மேஜைக்கு இந்தப் பக்கம் ஆலோசகர், அந்தப் பக்கம் கணவன் மனைவி, மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். பேசக் கூடாது. தலையாட்டக்கூடக் கூடாது. நான் தலையாட்டினால் அதையும் மருத்துவம் என்று நினைத்து நம்பிவிடுவார்கள். அதனால் அசையாமல் இருந்து பழகி, மையத்தில் எனக்கு 'நாற்காலி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் வைத்தவர் லேப் மேடம். ஆய்வகத்தின் பொறுப்பாளர், கருக்களைச் சோதிப்பவர், மையத்திலேயே பெரிய வாய்க்குச் சொந்தக்காரர். "நாற்காலி வந்தாச்சா? இன்னைக்கு யாரு மேல உக்காரப் போறீங்க?" என்று வாசலிலேயே தொடங்குவார். தலைமை மருத்துவரைக்கூட விடமாட்டார். "டாக்டர், உங்க கையெழுத்தைப் பார்த்தா கரு பயந்து பின்வாங்கிடும்" என்பார். வருகிற தம்பதிகளையும் அப்படித்தான். கைகால் நடுங்கிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் அவரிடம் ஒரு கிண்டல் வாங்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் ஊசி போடாமல் வேலை செய்த ஒரே மருந்து அதுதான்.

அப்பாவின் கதையைச் சொல்லாமல் இதற்கு மேலே நகர முடியாது.

அப்பா நாற்பதைத் தாண்டியதும் சாமான்களைக் கீழே போட ஆரம்பித்தார். எங்களுடையது வாய்த்துடுக்குக் குடும்பம். அவர் டம்ளரைப் போட்டால் அம்மா, "கையில எண்ணெய் தடவிட்டு வந்தீங்களா?" என்பாள். தம்பி, "தரைக்குத் தாகம்னு சொல்லிச்சாப்பா?" என்பான். நான் என் பங்குக்கு ஏதாவது சொல்வேன். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். பிறகு அவர் விரல்கள் தாமாக ஆடத் தொடங்கின. தோள் துள்ளியது. நடை கோணியது. எறும்பைக்கூட மிதிக்காமல் ஒதுங்கி நடக்கிற மனிதர் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தார். மூளையைத் தின்னும் நோய், பரம்பரையாக வருவது, மருந்து கிடையாது என்று பெரிய மருத்துவமனையில் எங்களிடம் சொன்னார்கள். அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மா அவருக்குப் பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். எது விழுந்தாலும் நாங்கள் மூன்று பேரும் சத்தமில்லாமல் குனிந்து எடுத்தோம். பேச்சு குழறிப் போவதற்குச் சற்று முன்னால் ஒரு நாள் அவரே சொன்னார்: "என்னைக் கிண்டல் பண்றதை நிறுத்தினீங்க பாருங்க, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

அவர் காரியம் முடிந்த பிறகு தம்பி ஒரு சட்டம் கொண்டுவந்தான். "இனிமே நம்ம வீட்ல எது கீழ விழுந்தாலும் கிண்டல் உண்டு. யார் போட்டாலும் சரி, எந்த நேரமா இருந்தாலும் சரி. முதல்ல கிண்டல், அப்புறம் துடைப்பம்." அம்மா கண்ணை மூடும் வரை அதை மீறவில்லை. மருத்துவமனையில் அவள் கட்டிலருகே நான் ஆரஞ்சுப் பழத்தை நழுவவிட்டபோது, ஆக்ஸிஜன் முகமூடியைத் தூக்கிவிட்டு, "பழத்தைக்கூடப் பிடிச்சு வச்சுக்கத் தெரியல, இவளுக்கு மாப்பிள்ளை எங்க நிப்பான்" என்றாள். நியாயமான கேள்வி. நிற்கவில்லை.

இந்த நோய் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்குத் தனியாக ஒரு முறை காசு சுண்டியாகிவிட்டது, தம்பிக்குத் தனியாக ஒரு முறை. ஒருவருக்கு வந்தால் மற்றவர் தப்பினார் என்று கணக்கு கிடையாது. இரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். நாங்கள் இருவரும் கொடுக்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையைப் பற்றி நான் நீளநீளமாகக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு இத்தனை அடிக்குறிப்பு உலகத்தில் வேறு யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

தம்பி கைபேசி பழுதுபார்க்கிறவன். சின்னக் கடை. பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில், எறும்பின் காலைவிட மெல்லிய கம்பிகளைப் பற்றவைப்பான். அவன் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பயிற்சி வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவன் தப்புப் பண்ணப் போகிறான் என்று அவன் பண்ணுவதற்கு முன்பே தெரிந்துவிடும் என்பாள். "எங்க வீட்லயும் அவ பக்கம் ஒரு பிரேக் இருக்கு" என்பான் தம்பி.

ஒரு மத்தியானம் இருவரும் என்னைக் கடைக்கு வரச் சொன்னார்கள்.

"உன் கடையில ஒரு வேலை ஆகணும்க்கா" என்றான் தம்பி.

"என் கடையா?"

"அதான், நீ சும்மா உக்காந்துட்டு வர்ற இடம்."

குழந்தை வேண்டும். அதற்கு நோய் வரக் கூடாது. ஆனால் தனக்கு இருக்கிறதா இல்லையா என்பது அவனுக்குத் தெரியவே கூடாது. "லைன்ல கரண்ட் இருக்கான்னு பார்க்காமலே பல்ப் மட்டும் மாத்தித் தருவாங்களா?" என்று கேட்டான்.

தருவார்கள். மையத்தில் அதற்குச் 'சொல்லாத சோதனை' என்று பெயர். கருக்களைச் சோதித்து, நல்லதை வைத்துவிடுவார்கள். எத்தனை உருவாயின, எத்தனையை ஒதுக்கினார்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். ஆலோசகருக்கும் தெரியாது, தலைமை மருத்துவருக்கும் தெரியாது. ஆய்வகத்தில் மட்டும் தெரியும்; ஒரு கருவில் நோய் இருந்தால் அதைக் கொடுத்தவருக்கும் இருக்கிறது என்று அர்த்தம். தம்பதிக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைக்கும்: வைக்கக் கரு இருக்கிறது, அல்லது இந்த முறை இல்லை.

தம்பி கையிலிருந்த போனை மூடாமல் யோசித்தான். "அப்போ, எனக்கு அந்த நோயே இல்லைன்னு வச்சுக்கோ. அப்பவும் இவ அத்தனை ஊசியும் போட்டுக்கணுமா?"

"ஆமா."

"முட்டை எடுக்கறது, மயக்க மருந்து, எல்லாம்?"

"எல்லாம். இல்லைன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. நிறுத்தினா உனக்குத் தெரிஞ்சிடும். அதனால நிறுத்த மாட்டாங்க."

"நல்லா இருக்கு நியாயம். என் பயத்துக்கு இவ வயித்துல ஊசி."

"என் வயிறு, என் ஊசி. நீ உன் போனைப் பாரு" என்றாள் அவன் மனைவி. பிறகு என்னிடம், "அண்ணி, இவருக்கு எறும்பு கடிச்சாலே ஊரைக் கூட்டுவாரு. இவருக்கு ஊசின்னா நான் ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டேன். எனக்குத்தானே, விடுங்க."

அவள் எதிர்க் கடைக்கு டீ சொல்லப் போனபோது நான் மெதுவாகக் கேட்டேன். "பேசாம டெஸ்ட் எடுத்துடேன்டா. இல்லைன்னு வந்தா இவளுக்கு இந்த அவஸ்தையே வேண்டாமே."

அவன் இரண்டு கைகளையும் விளக்குக்கு அடியில் நீட்டினான். நகத்தில் ஈயப் பொட்டு. "இந்தக் கையை வச்சுத்தான் வேலை பார்க்கறேன். இருக்குன்னு தெரிஞ்சா அப்புறம் வேலையைப் பார்க்க மாட்டேன்க்கா. கையைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன். அப்பாவுக்கு வந்த வயசு வரைக்குமாவது என்னை விட்டுடு. நீ அங்கேயே இருக்கறவ. எதுவும் உன் காதுல விழக் கூடாது. விழுந்தா, அங்கேயே நிக்கட்டும்."

"நான் நாற்காலிடா. நாற்காலிக்கு ஏது காது?"

"நாற்காலிக்கு வாய் மட்டும் எப்படி வந்துச்சு?" என்றான்.

தலைமை மருத்துவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். நல்ல மனிதர். சொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "உங்க தம்பி விஷயம் முடியற வரைக்கும் ஆய்வகக் கதவுக்கு இந்தப் பக்கமே இருங்க. அவங்க சம்பந்தமான எந்தக் கூட்டத்துலயும் உக்காராதீங்க" என்றார். லேப் மேடத்தையும் கூப்பிட்டு, "இவங்க தம்பியோட ஃபைல் இவங்க கண்ணுல படக் கூடாது" என்றார். லேப் மேடம், "படாது டாக்டர். ஆனா நாற்காலியை எங்க போட்டாலும் அது நாற்காலிதானே" என்றார். மூவரும் சிரித்தோம்.

டாக்டர் எங்களுக்கு நடுவே எழுப்பிய அந்தச் சுவர் உறுதியான சுவர். ஒரு காகிதம் அதைத் தாண்டவில்லை, ஒரு வார்த்தை தாண்டவில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. கோளாறைக் கண்டுபிடித்து, கட்டுரையாக எழுதி, கைதட்டல் வாங்கியவளே நான்தான்.

மையம் என்னிடம் கேட்டிருந்தது: சொல்லாத சோதனையில் சொல்லாமல் இருப்பது உண்மையிலேயே நடக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று. நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்ததில் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர. விஷயம் தெரிந்த ஒரே ஆளான லேப் மேடம், நோய் உறுதியானவர்களை மட்டும் கிண்டல் செய்வதில்லை. அவருக்கே தெரியாமல் குரல் தாழ்ந்துவிடும். "சாப்பிட்டீங்களா?" என்பார். மின்விசிறிக்கு அடியில் உட்காரச் சொல்வார். பின்னால் மனம் மாறி முடிவைக் கேட்டு வாங்கிக்கொண்ட தம்பதிகளின் விவரத்தோடு என் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. "இரகசியம் வாய் வழியாகக் கசிவதில்லை, இரக்கம் வழியாகக் கசிகிறது" என்று எழுதினேன். கருத்தரங்கில் அந்த வரிக்குத் தனியாகக் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேன். அப்பாவின் வரியைத்தான் கொஞ்சம் இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

கட்டுரையை லேப் மேடமும் படித்தார். என் மேல் கோபப்படவில்லை, தன் மேல்தான். "இத்தனை வருஷமா முகத்துல எழுதி ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் பாருங்க" என்றார். "இனிமே எல்லாருக்கும் ஒரே அளவு. எமனே டோக்கன் போட்டுட்டு வந்து உக்காந்தாலும் கிண்டல் பண்ணாம அனுப்ப மாட்டேன்." சொன்னபடி செய்தார். அதன்பிறகு என்னால் அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கட்டுரைக்கு ஏதோ பலன் இருக்கிறது என்று நம்பிய ஒரே காலம் அது.

தம்பி மனைவிக்கு ஊசிகள் தொடங்கின. ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். வயிறு முழுக்க நீலத் திட்டுகள். தம்பி தினமும் அவற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். "இல்லாத நோய்க்காக இருக்கலாம்க்கா இதெல்லாம்" என்று போனில் சொல்வான். இரண்டு தடவை, இந்த முறை இல்லை என்ற வாக்கியம் வந்தது. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், கரு வளராமலே நின்றிருக்கலாம். எனக்கும் அது ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஊசி. மறுபடி நீலம்.

மூன்றாவது முறை, ஒரு காலையில் தம்பி கூப்பிட்டான். "கரு இருக்காம்க்கா. வியாழக்கிழமை வைக்கறாங்க." குரலை அடக்க முடியாமல் அடக்கிக்கொண்டிருந்தான். நான், "பிறக்கறதுக்கு முன்னாடியே பரீட்சையில பாஸாயிருக்கு. உன் ஜாடை இல்ல போல" என்றேன். அவன் சந்தோஷமாகத் திட்டினான்.

அந்தச் சிரிப்போடுதான் மையத்தின் டீ அறைக்குள் நுழைந்தேன். லேப் மேடம் மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும், "நாற்காலி வந்தாச்சா? இன்னைக்கு யாரு மேல உக்காரப் போறீங்க?" என்றார். முந்தின நாளும் அதே கிண்டல்தான் செய்திருந்தார். அவர் பழசை மறுநாளே சூடு பண்ணிப் பரிமாறுகிறவர் இல்லை. அது போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் வாய் கிண்டல் செய்துகொண்டிருக்கும்போதே, அவர் கை ஒரு நாற்காலியை இழுத்து எனக்காகப் போட்டது. மின்விசிறிக்கு நேர் கீழே.

நான் உட்கார்ந்தேன்.

கருவுக்கு ஏதும் குறை என்றால் வியாழக்கிழமை இல்லை. கரு நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் அந்த இரக்கம் கருவுக்காக இல்லை. மிச்சம் ஒரு ஆள்தான் இருக்கிறான்.

லேப் மேடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அது இன்னும் நாற்காலியின் முதுகில் இருந்தது. நெருப்பைத் தொட்ட மாதிரி எடுத்துக்கொண்டார். அவர் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையை மறுபடி கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு தம்பி வீட்டுக்குப் போவதை நான் தவிர்த்தேன். கருத்தரங்கு என்றேன், சளி என்றேன், வீட்டில் குழாய் உடைந்தது என்றேன். போனில் மட்டும் பேசினேன். போனில் கிண்டல் செய்வது சுலபம், முகம் தேவையில்லை. கரு தங்கிவிட்டது. வாந்தி ஆரம்பித்தது. ஸ்கேனில் இதயம் துடித்தது. ஒவ்வொன்றையும் அவன் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு கேலி வைத்திருந்தேன். கடைசியில் அவன் மனைவியே போனை வாங்கினாள். "அண்ணி, நாலு மாசம் முடிஞ்சு வயிறு தெரிய ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் நீங்க வந்து பார்க்கல. ஞாயித்துக்கிழமை வர்றீங்க. வரலைன்னா பயிற்சி வண்டியில ஆள் அனுப்புவேன். புதுசா கத்துக்கறவனா பார்த்து அனுப்புவேன்."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கிண்டல்களை ஒத்திகை பார்த்தேன். அவன் தடுக்கி விழுந்தால் இது. கரண்டியை நழுவவிட்டால் அது. வாழ்நாளெல்லாம் மூச்சு விடுவதுபோல வந்ததை, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் என் உதடு அசைவதைப் பார்த்து, கடவுளைக் கும்பிடுகிறேன் என்று நினைத்துத் தானும் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டில் எல்லாம் நன்றாகவே போனது. அவன் மனைவி கதவைத் திறந்தாள். வயிற்றைப் பார்த்து, "வண்டி ஓட்டும்போது ஹாரனை இதாலயே அழுத்திக்கலாம் போலிருக்கே" என்றேன். அவள் சிரித்து, என் கையை எடுத்து அங்கே வைத்தாள். தம்பி சமையலறையிலிருந்து, "ப்ரொபசருக்கு வழி ஞாபகம் இருக்கா? ஆச்சரியமா இருக்கே" என்று குரல் கொடுத்தான். சாப்பிட்டோம். கடைக்கு வந்த ஒரு பெரியவர், பழுதான போனைச் சோற்றுப் பானைக்குள்ளேயே வைத்து வேகவைத்துக் கொண்டுவந்த கதையைச் சொன்னான். யாரோ அவரிடம் நனைந்த போனை அரிசியில் போடச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பயந்தது வீண் என்று நினைத்துக்கொண்டேன். அவன் கைகளை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கே பாதி பலம் போயிற்று.

அவன் மனைவி காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள். தம்பி கண்ணாடி ஜாடியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தான். ஜாடியின் வெளியே ஈரம். அது நழுவியது.

யார் கையிலிருந்தும் நழுவியிருக்கும். என் கையிலிருந்து நழுவியிருக்கும். ஈரமான கண்ணாடிக்கும் நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எந்த மருத்துவரும் சொல்வார். ஜாடி தரையில் பட்டுத் தெறித்தது. நான் எழுந்தேன், கதவுக்குப் பின்னால் இருந்த துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்தேன், "நகராதடா, காலைக் குத்திடும், நீ அப்படியே இரு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பெருக்கி அள்ள ஆரம்பித்தேன்.

இரண்டு வீச்சு பெருக்கிய பிறகுதான் உறைத்தது. உடனே நிமிர்ந்து, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எடுத்து வீசினேன். "என்னடா, தரைக்குத் தாகமாமா?"

அவன் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். காலைச் சுற்றித் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது.

"அக்கா."

"என்ன."

"நீ எப்பவும் முதல்ல கிண்டல் பண்ணிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்ப."

ஏதாவது சொல்லியிருக்கலாம். வயசாகிவிட்டது என்றோ, பிள்ளைத்தாச்சி வீட்டில் கண்ணாடி கிடக்கிறதே என்று பதறிவிட்டேன் என்றோ. ஆயிரம் பேரின் பேச்சைப் பதிவு செய்து, எந்த இடத்தில் என்ன பொய் சொல்வார்கள் என்று அட்டவணை போட்டவள் நான். ஒரு பொய் அகப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவே போதுமானதாக இருந்தது அவனுக்கு.

மெதுவாகச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்து, அவை யாரோ மறந்து விட்டுப்போன சாமான்கள் மாதிரி பார்த்தான். அசையாமல்தான் இருந்தன. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இதைத்தான் அவன் பயந்தான். இதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டான்.

"பாப்பாவுக்கு?" என்றான் கடைசியில்.

"இல்ல. பாப்பாவுக்கு இல்லடா. அது சத்தியம்."

தலையசைத்தான். வெளியே மாடிப்படியில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. அவன் ஒரு பெருமூச்சு விட்டான். நான் அழுகையை எதிர்பார்த்தேன். இல்லை.

"அப்போ ஊசியெல்லாம் வீண் போகல" என்றான். "ஒண்ணும் இல்லாத ஆளுக்காக அவ வயித்தைப் புண்ணாக்கிட்டேனோன்னு நினைச்சு நினைச்சு, பல நாள் சோறு இறங்கல தெரியுமா. நல்லவேளை." நல்லவேளை என்ற வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அதன் அர்த்தம் அவனுக்கே கேட்டது. உதடு கோணியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். "யாராவது இதுக்குப் போய் நல்லவேளைன்னு சொல்லுவாங்களா. பார்த்தியா, எழுதிக்கோ. உன் கட்டுரைக்கு ஆகும்."

"வேண்டாம்டா."

"உன்னால முடிஞ்சது இது ஒண்ணுதான்க்கா. அதையும் சொதப்பிட்ட." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "சரி. அவளுக்குத் தெரிய வேண்டாம். பிரசவம் ஆகட்டும். அப்புறம் நானே சொல்றேன். அது வரைக்கும்..."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் நேரத்துக்குக் கிண்டல் பண்ணு."

படியில் காலடி இறங்கிவந்தது. அவன் கைகளை மேஜையிலிருந்து எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டான். அவள் துணிக்குவியலுக்கு மேலே கண்ணை மட்டும் காட்டியபடி வாசலில் நின்றாள். "என்ன சத்தம்? யாரு?"

"வேற யாரு, உன் வீட்டுக்காரன்தான்" என்றேன். இந்த முறை மூச்சுக்கு முன்னால் வந்தது. "தண்ணி கொண்டுவாடான்னா ஜாடியைத் தரைக்குத் தாரை வார்த்துட்டான். பிள்ளையைத் தூக்கக் குடுக்கும்போது கீழ ஒரு மெத்தை போட்டுட்டுக் குடு."

சொன்ன கடைசி வாக்கியம் அறையில் தொங்கியது. தம்பி கண்ணை மூடித் திறந்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான். அவள் துணியைச் சோபாவில் போட்டுவிட்டுச் சிரித்தாள். "மெத்தை போதாது அண்ணி. சீட் பெல்ட்டே போட்டுடறேன்" என்றாள். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரி, அவரை விடுங்க. முதல்ல உங்க கையைப் பாருங்க."

முறத்தைச் சரித்துப் பிடித்திருந்தேன். இதுவரை அள்ளிய சில்லுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தன. என் கைதான். சற்று ஆடியது. பயத்தில் ஆடியிருக்கும்.

தம்பி ஒரு கணமும் தாமதிக்கவில்லை. "அள்ளினதையே திரும்பக் கொட்டறதுக்கும் ஒரு டாக்டர் பட்டம் குடுக்கறாங்களா ப்ரொபசர்?"

மூன்று பேரும் சிரித்தோம். யார் சிரிப்பு கடைசியில் வந்தது, யாருடையது முதலில் நின்றது என்பதையெல்லாம் கவனிக்க எனக்குத் தெரியும். கவனிக்கவில்லை. துடைப்பத்தை மறுபடி எடுத்தேன்.